பதினாறு சக்கரங்களில் ஒரு வெண்கலம்!

ஹைதராபாத் இளைஞரும் ஆமதாபாத் பெண்ணும் ஆடிய ஜோடி ஆட்டம்

2010-ம் ஆண்டு நவம்பர் மாதம். சீன நாட்டின் குவாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கபடியில் தங்கம், ஓட்டத்தில் தங்கம், குத்துச்சண்டையில் தங்கம் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே இரண்டு வெண்கலப் பதக்கங்கள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தன. காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஆடும் ரோலர் ஸ்கேட்டிங் ஆட்டத்தில் கிடைத்தவை அவை.

ஒன்று, ஆண்கள் தனியாட்டத்தில் ஹைதராபாத் இளைஞர் அனுப் குமார் யாமா பெற்றது. மற்றது, அதே அனுப், ஆமதாபாத்தைச் சேர்ந்த அவனி பஞ்சால் என்ற பெண்ணுடன் ஜோடி சேர்ந்து ஆடிப் பெற்றது. சக்கரச் சறுக்கு ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டுதான். ஆகவே இந்த விளையாட்டில் இந்தியா ஆசியப் போட்டியில் பெற்ற முதல் பதக்கங்கள் இவையே.

அப்போது ஹைதராபாத் பிரிபடாத ஆந்திரத்தின் தலைநகரம். சித்தூரில் இருந்தாலும் திருப்பதியில் இருந்தாலும், நம்மவர்களும் ‘எங்கள் மாநிலத்துப் பையன்’ என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் எத்தனை பேர் சொன்னோம்? ஊர்ப் பெயரைக் கேட்டால் இன்றும் பலருக்குக் கிரிக்கெட்டும் பாட்மின்டனும்தான் நினைவுக்கு வருகின்றன.

எட்டும் எட்டும்

ஜோடி ஸ்கேட்டிங் என்றால் இருவர் கைகோத்துக்கொண்டு சுற்றி வருவது என்று நினைத்துவிடக் கூடாது. காலணிக்கு நான்கு சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஆளுக்கு எட்டு. விரல் பக்கம் ரப்பர் கட்டை ஒன்று இருக்கும். நிற்பதற்கும் எம்பித் தாவுவதற்கும் அதுதான் துணை. கணுக்காலுக்கு மேல் வரை இறுக்கிக் கட்டும் தோல் பூட்சு. பனிக்கட்டியில் ஆடுகிறவர்கள் மெல்லிய கத்தி பொருத்திய காலணியுடன் தாவுகிறார்கள். சக்கரக்காரர்களோ அதைவிடக் கனமான இரும்பையும் சக்கரத்தையும் காலில் சுமந்துகொண்டு அதே தாவல்களைத் தாவ வேண்டும்.

தாவல்களின் பெயர்கள் இரண்டுக்கும் பொதுவானவை. நார்வேக்காரர் ஆக்செல் பால்சன் பெயரால் ‘ஆக்செல்’, சுவீடன்காரர் உல்ரிச் சால்கோ பெயரால் ‘சால்கோ’, ஆஸ்திரியாக்காரர் அலாய்ஸ் லுட்ஸ் பெயரால் ‘லுட்ஸ்’. மற்றத் தாவல்களில் எல்லாம் பின்னோக்கிச் சறுக்கியபடியே எம்புவார்கள். ஆக்செலில் மட்டும் முன்னோக்கி எம்ப வேண்டும். அதனால் அதில் அரைச் சுற்று கூடுதல். பழகுகிற பிள்ளைகள் பல மாதங்கள் தடுக்கி விழுவது இந்த அரைச் சுற்றில்தான்.

இதெல்லாம் தனியாட்டத்துக்கே உள்ள கஷ்டங்கள். ஜோடி ஆட்டத்தில் இன்னும் மூன்று சேரும். ஒன்று, ஆண் தன் கைகளால் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே சறுக்கிச் சுற்றுவது. இரண்டாவது, அவளைச் சுழற்றி வீசுவது. அவள் காற்றில் சுழன்று தூரத்தில் ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். மூன்றாவதற்குப் பெயரே ‘மரணச் சுழல்’. ஆண் ஓரிடத்தில் ஊன்றி நிற்க, பெண் அவன் ஒரு கையை மட்டும் பற்றிக்கொண்டு, உடல் தரையோடு தரையாகச் சாய்ந்து, தலை தளத்தை உரசும் அளவுக்குத் தாழ்ந்து வட்டமிடுவது. பார்க்கிறவர்களுக்கு அழகு. செய்கிறவளுக்கு, பிடித்திருக்கும் கை நழுவினால் என்ன ஆகும் என்பது தெரியும்.

இந்த ஆட்டத்தில் ஆண் தவறு செய்தாலும் பெரும்பாலும் அடிபடுவது பெண்தான். விழுகிற உயரம் அவளுடையது.

தலையில் பட்ட கத்தி

ரஷ்ய வீராங்கனை எலேனா பெரஷ்னயாவின் கதை இதற்குச் சாட்சி. 1996-ம் ஆண்டு ஜனவரியில் லாத்வியா நாட்டின் ரிகா நகரில் பயிற்சி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் சுழல வேண்டிய பகுதி. இடைவெளி குறைந்துவிட்டது. ஜோடிக்காரரின் காலணிக் கத்தி அவர் தலையில் பாய்ந்து மண்டையோட்டைத் துளைத்தது. மூளையில் அறுவை சிகிச்சை. பேச்சே போயிற்று, மறுபடி ஒவ்வொரு சொல்லாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

பிறகு அவர் ஆன்டன் சிகாருலிட்ஸே என்ற வேறு ஜோடிக்காரருடன் பனிக்களத்துக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டுகளில், 1998 ஒலிம்பிக்கில் வெள்ளி. 2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் தங்கம். அந்தத் தங்கமும் நிம்மதியாகக் கையில் தங்கவில்லை. பிரெஞ்சு நடுவர் நெருக்குதலுக்கு ஆளாகி மதிப்பெண் போட்டதாகப் புகார் கிளம்பி, கடைசியில் கனடா ஜோடியான ஜேமி சாலே, டேவிட் பெல்ட்டியே இருவருக்கும் இன்னொரு தங்கம் கொடுக்கப்பட்டது. ஆறு மதிப்பெண்ணுக்கு இத்தனை என்று போடும் பழைய முறை ஒழிந்து, ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனியாக விலை வைக்கும் முறை வந்தது அந்த ரகளைக்குப் பிறகுதான்.

2006-ல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்தது இன்னொன்று. சீனாவின் ஜாங் டான் என்ற இளம்பெண்ணை அவர் ஜோடிக்காரர் நான்கு சுற்றுத் தாவலுக்காக வீசினார். கால்கள் பிளந்து முழங்கால் அடிபட விழுந்தார். நடக்கவே முடியாத நிலை. சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தார். வெள்ளி கிடைத்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது சரி. அந்த முழங்காலோடு ஆட விட்டது சரிதானா என்று ஒரு தகப்பனாகப் பார்க்கிறவர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

துணை போனால்?

ஓட்டப்பந்தயக்காரி தனியாக ஓடலாம். பாட்மின்டனில் இரட்டையர் ஆட்டம் போனால் ஒற்றையர் ஆட்டம் இருக்கிறது. ஜோடி ஸ்கேட்டிங்கில் துணை போனால் பத்து வருட உழைப்பும் அந்தரத்தில் நிற்கும். உயரம், எடை, தாளம், குணம் எல்லாம் பொருந்திய இன்னொருவரைத் தேட வேண்டும். பெண் பார்க்கும் படலம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை!

சோவியத் நாட்டின் இரினா ரோட்னினாவுக்கு இது நேர்ந்தது. அலெக்ஸி உலானோவுடன் 1972 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உலானோவ் போட்டி ஜோடியைச் சேர்ந்த லுட்மிலா ஸ்மிர்னோவாவை மணந்துகொண்டு அவருடனே ஆடப் போய்விட்டார். ரோட்னினா சோர்ந்து உட்காரவில்லை. அலெக்ஸாண்டர் ஜைட்ஸெவ் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். 1973-ல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த உலகப் போட்டியில் பாதி ஆட்டத்தில் இசைத்தட்டு நின்றுபோயிற்று. இருவரும் நிற்கவே இல்லை. சத்தமில்லாத அரங்கில் காலணிக் கத்தி உரசும் ஒலியோடு ஆடி முடித்துப் பட்டத்தையும் கொண்டுபோனார்கள். 1976, 1980 ஒலிம்பிக்குகளிலும் தங்கம். இரண்டு ஜோடிக்காரர்களுடன் சேர்த்து உலகப் பட்டம் மட்டும் பத்து.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. எகடெரினா கோர்டியேவா, செர்கெய் கிரின்கோவ் ஜோடி 1988-லும் 1994-லும் ஒலிம்பிக் தங்கம் பெற்றது. இருவரும் கணவன் மனைவி. 1995 நவம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் பயிற்சியின்போதே கிரின்கோவ் மாரடைப்பால் சரிந்தார். வயது 28. கோர்டியேவா பிறகு தனியாக ஆடினார். ஜோடிப் போட்டிக்குத் திரும்பவில்லை.

ஹைதராபாத் எங்கே, ஆமதாபாத் எங்கே என்று ரயில்வே கால அட்டவணையைப் புரட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஊரில், ஒரே தளத்தில் சேர்ந்து வளர்ந்த ஜோடி அல்ல அனுபும் அவனியும். இந்த ஆட்டத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேர்ந்து நிற்பது நம் நாட்டில் அவ்வளவு அபூர்வம். அந்த வெண்கலத்தின் மதிப்பை எடை போடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

கடைசி இடத்திலிருந்து

அந்தப் பதக்கத்தைப் பெற்ற நாடு சீனா என்பதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1980-ல் மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்த உலகப் பனிச்சறுக்குப் போட்டிக்குச் சீனா முதன்முதலாக ஒரு ஜோடியை அனுப்பியது. யாவ் பின், லுவான் போ என்பது அவர்கள் பெயர். அதுவரை வெளிநாட்டு ஜோடி எதையும் நேரில் பார்த்துப் பழக வாய்ப்பில்லை. படங்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டவர்கள். கடைசி இடம் கிடைத்தது. கூட்டம் சிரித்தது.

யாவ் பின் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. பயிற்சியாளரானார். ஹார்பின் நகரத்துப் பிள்ளைகளான ஷென் ஷுவே, ஜாவ் ஹாங்போ இருவரைச் சேர்த்து உருவாக்கினார். 2002-ல் வெண்கலம், 2006-ல் வெண்கலம், 2010 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் ஒலிம்பிக் தங்கம். அப்போது ஷென்னுக்கு வயது 31, ஜாவுக்கு 36. இடையில் ஜாவின் குதிகால் தசைநார் அறுந்து, ஒரு முறை ஓய்வும் பெற்று, கல்யாணமும் செய்துகொண்டு திரும்பி வந்து வென்றது அது. சிரிப்புக்கும் தங்கத்துக்கும் நடுவே சரியாக முப்பது ஆண்டுகள். அதே ஆண்டு நவம்பரில்தான் நம்முடைய ஜோடி குவாங்சௌவில் மேடை ஏறியது.

சீனாவிலாவது ஹார்பினில் ஆறே உறைகிற குளிர் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் என்ன இருக்கிறது? நம் ஊரைப் போலத் தென்னையும் புழுக்கமும்தான். ஆனாலும் மணிலா நகரத்துக் கடைவளாகம் ஒன்றில் இருந்த பனிக்களத்தில் ஆஸ்துமாக்காரப் பையன் ஒருவன் சறுக்கப் பழகி, 2014-ல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக் வரை போனான். மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினஸ் என்பது அவன் பெயர். பத்தொன்பதாவது இடம். பயிற்சிச் செலவுக்கு வீடு அடமானத்துக்குப் போனது அந்த நாட்களில் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

அவனைத் தொடர்ந்து அந்நாட்டுக் கொடியுடன் ஜோடி ஆட்டத்துக்கு வந்தவர் இசபெல்லா காமெஸ். தன் நாட்டில் தகுந்த ஜோடிக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ரஷ்யரான அலெக்ஸாண்டர் கோரோவினைச் சேர்த்துக்கொண்டார். 2023 மார்ச்சில் ஜப்பானின் சைதாமா நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்த ஜோடி பிலிப்பைன்ஸ் பெயரில் ஆடியது. உலகப் போட்டியில் ஜோடியில் ஒருவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக் என்றால் இருவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். தாவல், தூக்கல், சுழல் எல்லாம் தேறினாலும் கடைசியில் பாஸ்போர்ட்டில் வந்து நிற்கும்.

நம் நாட்டு விதி இன்னும் கறார். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்தான் இந்தியாவுக்காக ஆடலாம் என்று மத்திய அரசு 2008-ல் வகுத்தது. தமிழ் வேர் கொண்ட, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தாரா பிரசாத் இதனால்தான் 2019-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்தில் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமைக்காக நம்மவர்கள் வருடக்கணக்கில் காத்துக்கிடக்கிற காலத்தில், ஒரு பெண் பனிச்சறுக்கு ஆட்டத்துக்காக அதை விட்டுக்கொடுத்தார் என்றால் நம்புவதற்கே சிரமம். தனியாட்டக்காரரான அவர் தேசியப் பட்டம் பல முறை வென்றவர். 2025 பிப்ரவரியில் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்காலப் போட்டியில் எட்டாவதாக வந்தார்.

தளம் எங்கே?

இந்தியாவில் பனிக்கட்டிக் களம் என்றால் விரல் விட்டு எண்ணலாம். சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளிக் களம் ஒன்று இருக்கிறது. இயற்கையாக உறையும் பனியை நம்பியது. குளிர் மாதங்கள் போனால் அதுவும் போயிற்று. டேராடூனில் 2011 ஜனவரியில் நடந்த தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக உள்ளரங்கக் களம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பராமரிக்க ஆளின்றிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பனியை உறைய வைக்க இரவும் பகலும் யந்திரம் ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. 2025-ல்தான் அது மறுபடி உயிர் பெற்றது.

ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சக்கரம்தான் வழி. வழவழப்பான சிமென்ட் தளமோ மொசைக் தளமோ இருந்தால் போதும். மின்கட்டணம் இல்லை.

சென்னைப் பிள்ளைகள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. 2023 அக்டோபர் 2-ம் தேதி சீனாவின் ஹாங்சௌவில் நடந்த ஆசியப் போட்டியில் 3000 மீட்டர் தொடர் சறுக்கில் பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் வெண்கலம். பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும், ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமாரும் தமிழகத்தவர்கள். ஆனந்த்குமார் 2025-ல் 1000 மீட்டரில் உலகப் பட்டமே வென்றுவிட்டார்.

இவை எல்லாம் வேகப் போட்டிகள். கடிகாரம் பார்த்து முடிவு சொல்லலாம். அனுபும் அவனியும் ஆடிய கலைச் சறுக்கின் நிலைமை வேறு. 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியப் போட்டியில் சக்கரச் சறுக்கே இல்லை. 2018 ஆசியப் போட்டியில் வேகப் போட்டியும் சறுக்குப் பலகையும் மட்டும் இருந்தன. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் மேடை இரண்டு முறை தவறினால், இருபது வயதுக்காரருக்கு இருபத்தெட்டு ஆகிவிடும். பதக்கம் பெற்ற ஆட்டத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த ஜோடி எதை நம்பி உருவாகும்?

அனுப் குமார் யாமாவுக்கு 2015-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. தனியாட்டத்திலும் பதக்கம் பெற்றவர், தகுதியானவர், சந்தேகமில்லை. ஆனால் ஜோடி வெண்கலத்தில் பாதி அவனி பஞ்சாலுடையது. தூக்கப்பட்டவரும் சுழன்று இறங்கியவரும் அவர். இந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை இரண்டாவதாகவோ, பெயரே இல்லாமல் ‘ஜோடி’ என்றோ சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பெண் குழந்தைக்குச் சக்கரக் காலணி வாங்கித் தருவதா என்று யோசிக்கிற குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் உண்டு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில் சக்கரம் வைத்தவை, வேகத்துக்கு ஏற்றவை. கலைச் சறுக்குக்கு வேண்டியது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று அமைந்த ‘குவாட்’ வகை. இதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். வளரும் காலாயிற்றே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்துக் கொடுப்பது நம் வழக்கம். பள்ளிக்கூடப் பூட்சுக்கு அது சரி, இதற்குக் கூடாது. கணுக்கால் ஆடினால் விழுவது நிச்சயம். தலைக்கவசம், முழங்கால் உறை, முழங்கை உறை, மணிக்கட்டு உறை இல்லாமல் தளத்தில் இறக்கக் கூடாது.

தூக்கலும் வீசலும் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். தனியாகத் தாவவும் சுழலவும் தேறிய பிறகு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பழக வேண்டியவை அவை.

‘இதில் என்ன சோறு கிடைக்கும்?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது தப்பில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்கும் பட்டியலில் ‘ரோலர் ஸ்கேட்டிங்’ என்ற பெயரும் இருக்கிறது. கபடி, கால்பந்து வரிசையில் அதுவும் ஒன்று. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் உரிய படிவத்தில், உரிய சங்கத்தின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ஊர்ப் பந்தயத்தில் கொடுக்கும் கேடயத்தின் புகைப்படம் அங்கே செல்லாது. ஆகவே சேர்க்கும்போதே அந்தப் பயிற்சிக்கூடம் மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்துவிட வேண்டும். தமிழகத்தில் படித்துக்கொண்டு ஆந்திரத்தில் பழகும் பிள்ளைகள் எந்த மாநிலத்தின் பெயரில் பதிவு செய்வது என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.